தெருக்கோடி வரைக்கும்

வேளாங்கண்ணி நேர்ந்துகொண்டது ஒரு புதன்கிழமை காலையில், சேதராப்பட்டுக்குப் போகும் கம்பெனி பஸ்ஸில், கம்பியைப் பிடித்து நின்றுகொண்டு. உட்கார இடம் கிடைத்திருந்தால் தூங்கிப்போயிருப்பாள். நேர்ச்சையும் இருந்திருக்காது, அதற்குப் பிறகு நடந்த எதுவும் நடந்திருக்காது. இப்படியெல்லாம் பின்னோக்கிப் போய்ப் பார்த்து ஆகப்போவது ஒன்றுமில்லை என்று அவளுக்கே தெரியும். தெரிந்து என்ன, மனசு கேட்டால்தானே.

அன்றைக்கு அவள் மகள் மெரினுக்குப் பிரான்சில் குரல் தேர்வு. மெரின் ஆப்பரா பாடுகிறவள். ரெட்டியார்பாளையத்தில், விழுப்புரம் ரோட்டிலிருந்து பிரியும் கெபித் தெருவில் பிறந்து, ஞாயிற்றுக்கிழமை பூசையில் பாடிக்கொண்டிருந்த பெண். டவுனில் ஒரு பிரெஞ்சுப் பாடற்குழுவில் சேர்ந்தாள், அங்கிருந்து உதவித்தொகை கிடைத்து ஸ்திராஸ்பூர் இசைப்பள்ளிக்குப் போனாள், போய் ஆறு வருஷம் ஆகிவிட்டது. ஆப்பரா என்றால் என்ன என்று தெருவுக்குப் புரிய வைப்பதற்குள் வேளாங்கண்ணிக்குத்தான் நாக்குத் தள்ளிவிட்டது.

“நாடகம்தான். ஆனா யாரும் பேசமாட்டாங்க. கோவம் வந்தாலும் பாட்டு, சாவு வந்தாலும் பாட்டு” என்பாள்.

“நம்ம கூத்து மாதிரியாக்கா?” என்று கேட்டாள் எதிர்வீட்டு அமுதவல்லி.

“கூத்துன்னே வெச்சுக்கயேன். ஆனா மைக் கெடையாது.”

“மைக் கெடையாதா? அப்ப பின்னாடி ஒக்காந்துகினு இருக்கறவனுக்கு?”

“கேக்கும்.”

“எப்படிக்கா கேக்கும்? முன்னாடி அம்பது பேரு வயலின் வாசிக்கிறாங்கன்ற.”

“கேக்கும்னா கேக்கும்டி.”

அமுதவல்லி வாயைக் கோணிக்கொண்டு உள்ளே போனாள். அந்தக் கோணல் வேளாங்கண்ணியின் நெஞ்சில் முள்ளாகத் தங்கிவிட்டது. இதில் வேடிக்கை என்னவென்றால், வேளாங்கண்ணியின் புருஷன் மார்ட்டினுக்குத் தொழிலே மைக்செட். கல்யாணம், காதுகுத்து, கட்சிக் கூட்டம், கருமாதி, எதுவானாலும் ரெட்டியார்பாளையம் வட்டாரத்தில் மார்ட்டின் சவுண்ட் சர்வீஸ்தான். அப்பன் ஊரையே செவிடாக்குகிறான், பெண் மைக்கே வேண்டாம் என்கிறாள் என்று தெருவில் சிரித்தார்கள். மார்ட்டினும் சேர்ந்து சிரிப்பான். “எம் பொண்ணு என் தொழிலுக்கே ஒல வெக்கிறா” என்று சொல்லும்போது அவன் முகத்தைப் பார்க்க வேண்டும்.

மெரினுடையது சொப்ரானோ குரல். பெண் குரலிலேயே எல்லாவற்றுக்கும் மேலே ஏறுகிற குரல். ஏறினால் போதாது, ஏறின இடத்தில் நிற்கத் தெரிய வேண்டும், அதற்குத்தான் அங்கே சோறு. முதல் இரண்டு வருஷம் கூட்டத்தில் ஒருத்தியாக நின்று பாடினாள். அப்புறம் ஒரு வேலைக்காரி வேஷம் கிடைத்தது. மூன்றே வரி, கடிதம் வந்திருக்கிறது என்று பாடிவிட்டு உள்ளே போய்விட வேண்டும். அந்த மூன்று வரிக்கு வேளாங்கண்ணி தெரு முழுக்கக் கேசரி கொடுத்தாள். அடுத்த வருஷம் இன்னொரு ஊரில் நாயகியின் தங்கை வேஷம். அந்த ஊர்ப் பத்திரிகை அவளைப் பற்றி நாலு வரி எழுதியது. இப்போது பிரான்சின் வடக்கே ஒரு பெரிய அரங்கில் நாயகி வேஷத்துக்கே ஆள் எடுக்கிறார்கள், எழுபது பேர் பாடிக் காட்டுகிறார்கள், அதில் மெரினும் ஒருத்தி.

பஸ் வில்லியனூர் தாண்டும்போது வேளாங்கண்ணி கண்ணை மூடினாள். “மாதாவே, எம் பொண்ணுக்கு அந்த வேஷம் கெடைச்சா, உன் திருநாளுக்கு வந்து தேர் முன்னால பாடுவா. மைக் இல்லாம பாடுவா. தெருக்கோடி வரைக்கும் கேக்கும்.” பக்தி முக்கால், வீம்பு கால். மாதாவுக்குப் போன வார்த்தையில் அமுதவல்லிக்கும் ஒரு பங்கு இருந்தது.

வேஷம் கிடைத்துவிட்டது.

நேர்ச்சையைப் பற்றிப் போனில் சொன்னபோது மெரின் சிரித்தாள். “தெருக்கோடின்னா எவ்ளோ தூரம்மா?”

“மாதா கெபியிலேருந்து மெயின்ரோடு வரைக்கும் நூத்தறுவது மீட்டர் வயர் போவும்” என்றான் மார்ட்டின் பக்கத்திலிருந்து. தெருக்களை அவன் வயரால்தான் அளப்பான்.

“பாடிடலாம். அக்டோபர் ஒண்ணாந்தேதிதான் ஒத்திகை. அதுக்கு முன்ன லீவுதான்” என்றவள் கொஞ்சம் நிறுத்தி, “அப்பவாச்சும் நீ என்னை நெசமா கேப்ப” என்றாள்.

அவள் சொன்னது உண்மை. வேளாங்கண்ணி மகளின் இந்தக் குரலை நேரில் கேட்டதில்லை. ஒருதரம் விசாவுக்கு எழுதிப் போட்டு இல்லை என்றுவிட்டார்கள், இன்னொரு தரம் கம்பெனியில் லீவு கொடுக்கவில்லை. மெரின் அனுப்பும் வீடியோக்களைப் பஸ்ஸிலும் சாப்பாட்டு நேரத்திலும் போட்டுப் பார்ப்பாள். “போன்ல கேக்காதம்மா, அது என் குரலே இல்ல. பாதிதான் அதுல ஏறும்” என்று மெரின் தலையிலடித்துக்கொள்வாள்.

செய்தி தெருவில் பரவியது. கெபித் தெரு என்றால் தெருவின் உள்கோடியில் குகை மாதிரி கட்டி உள்ளே மாதா சுரூபம் வைத்திருக்கிறார்கள், அதனால் வந்த பேர். செப்டம்பர் எட்டாம் தேதி மாதாவின் பிறந்தநாள், ஏழாம் தேதி சாயந்திரம் தேர். திருவிழாக் காரியங்களைப் பார்ப்பவர் உபதேசியார் சவரிராயன். அவர் அப்பா பிரெஞ்சுப் பட்டாளத்தில் சொல்தாவாக, அதாவது சிப்பாயாக இருந்தவர், அதனால் பிரான்சு சம்பந்தப்பட்டது எதுவானாலும் தன் வீட்டு விசேஷம் என்று நினைப்பார். “த்ரே பியான்! ரொம்ப நல்லது. நோட்டீஸ்ல போட்டுடுவோம்” என்றார். போட்டும்விட்டார். தேர் பவனியின் முன் செல்வி மெரின், பிரான்சு, ஒலிபெருக்கி இன்றிப் பாடுவார். ரோஸ் காகிதத்தில் ஆயிரம் நோட்டீஸ் அடித்து மூலக்குளம் வரைக்கும் ஒட்டினார்கள்.

ஆகஸ்ட் முப்பதாம் தேதி கொடியேற்றத்தன்று மெரின் வந்தாள். நாலு வருஷம் கழித்து வருகிறாள், வரும்போதே இருமிக்கொண்டு வந்தாள். விமானத்துக் குளிரா, சென்னையிலிருந்து வந்த காரின் ஏசியா, என்னவோ. இரண்டாம் நாள் காய்ச்சல். மூன்றாம் நாள் பேச்சு கரகரத்தது. வேளாங்கண்ணி தூதுவளை ரசம் வைத்தாள், மிளகுப்பால் கொடுத்தாள். மெரின் எல்லாவற்றையும் குடித்துவிட்டு, “டாக்டர்கிட்ட போவணும்பா” என்று அப்பாவிடம் சொன்னாள். அவள் முகத்தில் இருந்த பயம் சாதாரண ஜலதோஷக்காரியின் பயம் அல்ல.

கதிர்காமம் பக்கம் கிளினிக் வைத்திருக்கும் தொண்டை டாக்டர் கோபிநாத் மூக்கு வழியாக ஒரு மெல்லிய குழாயை விட்டுத் தொண்டைக்குள் பார்த்தார். திரையில் அவர்களுக்கும் காட்டினார். முத்து மாதிரி வெள்ளையாக இருக்க வேண்டிய இரண்டு குரல்நாண்களும் சிவந்து தடித்திருந்தன. ஒன்றின் ஓரத்தில் சின்னதாக ஒரு ரத்தக்குழாய் புடைத்திருந்தது.

“பதினஞ்சு நாள் பாட்டு கிடையாது. முதல் பத்து நாள் பேச்சும் கிடையாது, கிசுகிசுன்னுகூடப் பேசக்கூடாது. இந்தக் குழாய் வெடிச்சா உள்ளே ரத்தம் கட்டிக்கும். அது தழும்பாச்சுன்னா மேல் ஸ்தாயி திரும்ப வராது” என்றார் டாக்டர். சுற்றி வளைக்காமல் சொன்னார். மூன்று பேருக்கும் விளங்கியது. வேளாங்கண்ணிக்கு விளங்கவில்லை என்று யாரும் பிற்பாடு சொல்ல முடியாது.

அன்றைக்குத் தேதி இரண்டு. தேருக்கு ஐந்து நாள் இருந்தது.

வீட்டில் மெரின் ஊமையாகிவிட்டாள். எதுவானாலும் போனில் தட்டிக் காட்டுவாள். மார்ட்டின் சவரிராயனிடம் போய், “பாட்டு இல்ல உபதேசியாரே” என்று சொல்லிவிட்டு வந்தான். அவர் முகம் சுருங்கியது, ஆனால் நல்ல மனுஷன். “பங்குச் சாமியார்கிட்ட சொன்னா நேர்ச்சைய மாத்திக் குடுப்பாரு. பத்து ஏழைங்களுக்குச் சோறு போடச் சொல்லுவாரு, அவ்ளோதான். வேளாங்கண்ணிய போய்ப் பாக்கச் சொல்லு” என்றார்.

வேளாங்கண்ணி போகவில்லை. போனால் சாமியார் மாற்றிக் கொடுத்துவிடுவார் என்று தெரியும், அதனால்தான் போகவில்லை. நேர்ந்துகொண்டதை மாற்றுவது அவளுக்குப் பயம். அந்தப் பயத்துக்கு ஒரு கதை இருந்தது. அவள் பிறக்கும்போது அவள் அம்மா கால்நடையாக வேளாங்கண்ணி மாதா கோயிலுக்கு வருவதாக நேர்ந்துகொண்டு, பெயரை மட்டும் பிள்ளைக்கு வைத்துவிட்டு, நடையை இரண்டு வருஷம் தள்ளிப்போட்டாள். அதற்குள் அடுத்த குழந்தை பிறந்து நாற்பதாம் நாள் செத்துப்போனது. நேர்ச்சையால்தான் என்று யாரும் சொல்லவில்லை. இல்லை என்றும் யாரும் சொல்லவில்லை. வேளாங்கண்ணி இந்த இரண்டுக்கும் நடுவில்தான் வளர்ந்தாள்.

“அடுத்த வருஷம் பாடிக்கலாம். மாதா இன்னா ஈபிக்காரனா, தேதி தாண்டினா ஃபியூஸ் புடுங்கறதுக்கு?” என்றான் மார்ட்டின்.

“குடுத்தவளுக்கு எடுக்கத் தெரியாதாங்க? இன்னும் ரெண்டு மாசத்துல மேடையேறப் போறா. குரலு அவ போட்ட பிச்ச. வாங்கிகினு ஏமாத்தினா அங்க போய் நிக்கும்போது எடுத்துகிட்டான்னா?”

“அப்ப மைக் வெச்சு மெதுவா பாடட்டும். நான் சின்னக் குரலையும் பெருசாக்கிக் காட்டறேன். அதுக்குத்தான நான் இருக்கறேன்?”

“மைக் இல்லாமன்னு நேர்ந்துகிட்டேங்க.”

மார்ட்டின் வண்டிச் சாவியை எடுத்தான். “யார கேட்டு நேர்ந்துகிட்ட?” என்று கேட்டுவிட்டு வண்டியை எடுத்துக்கொண்டு போய்விட்டான். இருபத்தேழு வருஷத்தில் அவன் அவளிடம் அப்படிப் பேசினது அதுதான் முதல் தடவை. மெரின் கட்டிலில் சாய்ந்து இரண்டு பேரையும் பார்த்துக்கொண்டிருந்தாள்.

ஏழாம் தேதி காலையில் காய்ச்சல் விட்டிருந்தது, இருமலும் இல்லை. வேளாங்கண்ணி காபியைக் கொண்டுபோய்க் கொடுத்துவிட்டு அங்கேயே நின்றாள். கேட்கக் கூடாது என்றுதான் நின்றாள். மகள் டம்ளரைக் கீழே வைக்கும் வரைக்கும் பொறுத்தாள்.

“இப்ப தேவலாம் இல்ல பாப்பா? ஒரே ஒரு பாட்டு. மூணு நிமிசம். மாதாவே காவல் இருப்பா.”

மெரின் அம்மாவை வெகுநேரம் பார்த்தாள். கோபம் இல்லை, பயமும் இல்லை. எதையோ தனக்குள் தீர்த்துக்கொண்டிருக்கிறாள் என்று மட்டும் தெரிந்தது. பிறகு போனை எடுத்துத் தட்டிக் காட்டினாள். ‘நீ இருப்ப இல்ல?’

“இருக்காம எங்க போவப் போறேன்?” என்றாள் வேளாங்கண்ணி.

மெரின் தலையாட்டினாள். வேளாங்கண்ணிக்கு வயிற்றில் பால் வார்த்தது போல இருந்தது. அவள் வாழ்நாளிலேயே வெட்கப்பட வேண்டிய சந்தோஷம் அது ஒன்றுதான்.

சாயந்திரம் ஆறரை மணிக்குத் தேர் ஜோடித்து நின்றது. நீலப்பட்டு உடுத்திய மாதா, சுற்றிலும் மல்லிகைச் சரம், சீரியல் லைட். பேண்டு வாத்தியம் ஓய்ந்தது. வெடி போடுகிறவர்களைச் சவரிராயன் கையமர்த்தினார். மார்ட்டின் தெருவில் வரிசையாகக் கட்டியிருந்த குழாய் ஸ்பீக்கர்களை ஒவ்வொன்றாக அணைத்துக்கொண்டு வந்தான். கடைசியில் இரைச்சல் போடும் என்று ஜெனரேட்டரையும் நிறுத்தினான். சீரியல் லைட் போய்விட்டது. மெழுகுவத்தி வெளிச்சத்தில் தெருவே மூச்சைப் பிடித்து நின்றது. கெபித் தெரு அவ்வளவு அமைதியாக இருந்து யாரும் பார்த்ததில்லை.

மெரின் தேர் முன்னால் வந்து நின்றாள். வெள்ளைப் புடவை. கூட்டத்தில் அம்மாவைத் தேடி, முதல் வரிசையில் கண்டுபிடித்து, சிரித்தாள். கண்ணை மூடி மூச்சை உள்ளே இழுத்தாள்.

அந்த நொடியில்தான் வேளாங்கண்ணிக்கு நினைப்பு வந்தது. தெருக்கோடி. நேர்ந்துகொண்டது தெருக்கோடி வரைக்கும். இங்கே நின்றால் அங்கே கேட்டதா இல்லையா என்று யாருக்குத் தெரியும்? மாதாவுக்கு யார் சாட்சி சொல்வது? புடவையைத் தூக்கிச் செருகிக்கொண்டு கூட்டத்தை இடித்துத் தள்ளி ஓடினாள். “இன்னா ஆயிட்டுது, எங்க ஓடற?” என்று யாரோ கேட்டார்கள். நூற்றறுபது மீட்டர். ஐம்பத்திரண்டு வயசில் அவள் அப்படி ஓடினதில்லை.

மெயின்ரோட்டு முனையில் பரோட்டாக் கடை. கல்லில் கொத்துப் பரோட்டா அடித்துக்கொண்டிருந்தான். விழுப்புரம் பஸ் ஒன்று ஹாரனை அழுத்திப் பிடித்தபடி போனது, அதன் பின்னால் லாரி. வேளாங்கண்ணி மூச்சு வாங்க நின்று தெருவுக்குள் காதைக் கொடுத்தாள். முதலில் ஒன்றும் இல்லை. இன்னொரு பஸ் போனது. அப்புறம், இரண்டு வண்டிகளுக்கு நடுவில் கிடைத்த சின்ன இடைவெளியில், மெல்லிசாக, நூல் மாதிரி, ஒரு சத்தம் வந்தது. ஹாரனில் மறைந்தது. மறுபடியும் வந்தது.

“தம்பி, அடிக்கறத நிறுத்துப்பா. கேக்குதா? பாட்டு கேக்குதா?” என்று பரோட்டாக்காரனைப் பிடித்துக் கேட்டாள்.

அவன் கரண்டியை நிறுத்தித் தலையைச் சாய்த்தான். “யாரோ பாடறாப்ல கீதும்மா.”

“கேட்டுச்சு தாயே” என்று வேளாங்கண்ணி சிலுவை போட்டுக்கொண்டாள். “தெருக்கோடி வரைக்கும் கேட்டுச்சு. குடுத்தாச்சு.” அங்கேயே நின்று மூன்று அருள்நிறை ஜெபம் சொன்னாள். சொல்லி முடித்துவிட்டுத் திரும்பி ஓடினாள். போய்ச் சேர்வதற்குள் பாட்டு முடிந்துவிட்டது.

கூட்டம் கைதட்டவில்லை. அது என்னவோ கைதட்டுகிற விஷயமாக யாருக்கும் படவில்லை. ஆண்கள் தரையைப் பார்த்துக்கொண்டு நின்றார்கள். அமுதவல்லி முந்தானையால் வாயைப் பொத்திக்கொண்டு அழுதுகொண்டிருந்தாள். மார்ட்டின் அணைத்துவைத்த ஜெனரேட்டரின் மேல் உட்கார்ந்திருந்தான். மெரின் ஒரு கையால் தொண்டையைப் பிடித்துக்கொண்டு முதல் வரிசையில் யாரையோ தேடிக்கொண்டிருந்தாள்.

வேளாங்கண்ணி பின்பக்கமிருந்து வந்து மகளைக் கட்டிக்கொண்டாள். “குடுத்தாச்சு பாப்பா. இனிமே உனக்கு ஒரு கொறையும் வராது” என்றாள். மெரின் திரும்பிப் பார்த்து, என்னவோ சொல்வதற்காக வாயைத் திறந்தாள். காற்றுதான் வந்தது.

மறுநாள் டாக்டர் கோபிநாத் குழாயை விட்டுப் பார்த்துவிட்டுத் திரையை அவர்கள் பக்கம் திருப்பவில்லை. “ஏம்மா?” என்று மட்டும் மெரினைக் கேட்டார். அவள் போனைப் பைக்குள் போட்டாள். வேளாங்கண்ணி அவர் மேசையில் இருந்த காகிதக் கத்தையையே பார்த்துக்கொண்டிருந்தாள்.

மெரின் பிரான்சுக்குத் திரும்பிப் போனாள். இரண்டு மாதம் பேசாமல் இருந்தாள், பெரிய டாக்டர்களிடம் காட்டினாள், ஒரு சின்ன அறுவைச் சிகிச்சையும் செய்தார்கள். பேச்சு வந்தது. நடு ஸ்தாயி வந்தது. மேலே ஏறும் இடத்தில் குரல் இரண்டாகப் பிரிந்து நின்றது, அதற்கு மேல் வரவே இல்லை. அந்த வேஷத்தை இன்னொரு பெண் பாடினாள். அரங்கத்துக்காரர்கள் இரக்கப்பட்டு மெரினுக்கு வேறொரு வேலை கொடுத்தார்கள். பாடுகிறவர்களின் தலைக்கு மேல் திரையில் வரிகளின் அர்த்தம் ஓடும், அதை ஓட்டுகிற வேலை. இசை தெரிந்தவர்தான் அதைச் செய்ய முடியும். கூண்டு மாதிரி ஒரு அறையில் ஸ்வரத்தாளைப் பிரித்துவைத்து உட்கார்ந்து, கீழே நாயகி ஒவ்வொரு வரியாகப் பாடப் பாட இவள் பித்தானை அழுத்த வேண்டும்.

இதைக் கேட்ட ராத்திரி மார்ட்டின் சாப்பிடவில்லை. அதற்குப் பிறகு மனைவியிடம் அவன் பேசினதெல்லாம் உப்பு, புளி, கேஸ் சிலிண்டர் பற்றித்தான். திட்டியிருந்தால் வேளாங்கண்ணிக்குத் தேவலாம்போல இருந்திருக்கும்.

தெருவோ வேறு மாதிரிப் பேசியது. தெருவுக்கு அந்தப் பாட்டு பெருமையாகிவிட்டது. மாதாவே இறங்கி வந்து பாடினது போல இருந்தது என்றார்கள். தண்ணீர்க் குழாயடியில், மளிகைக் கடையில், பூசை முடிந்து வெளியே வரும்போது என்று அதையே பேசினார்கள். கேட்டவர்கள் ஒவ்வொருத்தரிடமும் ஆளுக்கொரு துண்டு இருந்தது. அப்போதுதான் வேளாங்கண்ணிக்கு உறைத்தது, கெபித் தெருவிலேயே அந்தப் பாட்டைக் கேட்காத ஒரே ஆள் தான்தான் என்று. பெற்றவள் அவள். நேர்ந்துகொண்டவளும் அவள். அவள் கேட்டது பஸ் ஹாரன்.

பலர் போனில் பதிவு பண்ணியிருந்தார்கள். ஒவ்வொருத்தரிடமும் வாங்கிப் போட்டுப் பார்த்தாள். குரல் மேலே போகும் இடத்திலெல்லாம் போன் தாங்காமல் கரகரவென்று இரைந்தது. அதனால் ஜனங்களிடம் சுற்றி வளைத்துக் கேட்க ஆரம்பித்தாள். கேட்கிறாள் என்று தெரியாதபடிக்குக் கேட்பாள். “அன்னிக்கு அந்த நடு எடத்துல பாடினாளே…” என்று அமுதவல்லியிடம் எடுத்துக் கொடுத்தால் போதும்.

“நடு எடத்த விடுக்கா. அந்தக் கடைசில! மேல போச்சு, போச்சு, போயி அப்படியே நின்னுடுச்சு. கொறையவும் இல்ல, கூடவும் இல்ல. அப்புறம் கொஞ்சம் கொஞ்சமா சின்னதாயி, எப்ப நின்னுச்சுன்னே தெரில. எங்க வூட்டு நாய்கூட கொலைக்கல. எனக்கு எங்கம்மா செத்தது நெனப்பு வந்துடுச்சு” என்றாள் அமுதவல்லி. அதற்குப் பிறகு அவள் வாயைக் கோணவே இல்லை.

இப்படித் துண்டு துண்டாகச் சேர்த்து வேளாங்கண்ணி அந்தப் பாட்டை மனசுக்குள் ஒருவழியாக ஒட்டிவைத்திருந்தாள். கண்ணால் பார்க்காத பிள்ளையை அடையாளம் சொல்வது மாதிரிதான் அது.

மெரின் மார்ச் மாதம் பதினைந்து நாள் லீவில் வந்தாள். தபசு காலம். பேச்சில் லேசான கரகரப்பு, ஜலதோஷம் பிடித்தவள் பேசுவது போல. சிரித்தாள், சாப்பிட்டாள், அப்பாவோடு வயர் சுற்றினாள். பாட்டைப் பற்றி யாரும் எடுக்கவில்லை. ஒருநாள் காலை அம்மாவும் மகளும் மொட்டைமாடியில் துணி உலர்த்திக்கொண்டிருந்தார்கள். வேளாங்கண்ணியால் அதற்கு மேல் அடக்க முடியவில்லை. போர்வையைக் கொடியில் போட்டபடியே, முகத்தைக் காட்டாமல் சொன்னாள்.

“நான்தான் பாப்பா உன்ன கெடுத்தேன். உங்கப்பா சொன்னாரு, டாக்டர் சொன்னாரு. சாமியார பாத்திருந்தா மாத்திக் குடுத்திருப்பாரு. நான் போவல. மாதா எடுத்துக்குவான்னு பயந்து பயந்து நானே எடுத்துட்டேன்.”

மெரின் கிளிப்பை மாட்டிவிட்டு வந்து அம்மாவின் கையைப் பிடித்தாள்.

“நீ கேட்டதால பாடினேன்னு நெனைச்சுகினு இருக்கியா? நேர்ச்சைக்காகவும் நான் பாடலம்மா. எனக்குத் தெரியும், குழாய் வெடிக்கலாம்னு. உன்ன விட எனக்கு நல்லாத் தெரியும். ஆறு வருஷமா யார் யாருக்கோ பாடறேன். டிக்கெட் வாங்கிகினு வந்து ஒக்காந்தவங்க எல்லாம் கேட்டாங்க. நீ ஒருநாள்கூடக் கேட்டதில்ல. போன்ல கேட்டுட்டு நல்லாருக்குன்னு சொல்ற. அது நானே இல்ல. நேர்ல ஒருதரம் உனக்குக் கேக்கணும், அவ்ளோதான். அதுக்கப்புறம் உன்ன எப்ப அங்க கூட்டிகினு போறது, எப்ப நீ கேக்கறது?”

வேளாங்கண்ணி இன்னொரு கையால் போர்வையின் ஓரத்தை நீவிவிட்டாள்.

“அன்னிக்கு மாதிரி நான் எங்கயும் பாடினதில்ல. கண்ண மூடிகினு பாடினேன், தொறந்தா உன்னப் பாத்து அழுதுடுவேன்னு. முடிஞ்சு உன்னத் தேடறதுக்குள்ள நீ பின்னால வந்து கட்டிகின. அதுதான் நான் பாடினதுலயே நல்ல பாட்டு. அந்தக் கூண்டுல ஒக்காந்து பட்டன் அழுத்தும்போதெல்லாம் அதத்தான் நெனைச்சுக்குவேன். எங்கம்மா கேட்டுட்டாங்க, போதும்னு.” கொஞ்சம் தயங்கிவிட்டுச் சின்னப் பிள்ளை மாதிரி கேட்டாள், “எப்படிம்மா இருந்துச்சு?”

கீழே தெருவில் மார்ட்டின் யாருக்கோ ஸ்பீக்கர் ஏற்றிக்கொண்டிருந்தான். போர்வையிலிருந்து தண்ணீர் சொட்டி வேளாங்கண்ணியின் காலில் விழுந்தது. உண்மையைச் சொல்லிவிட்டால் தன் நெஞ்சுப் பாரம் கொஞ்சம் இறங்கும். ஆனால் இந்தப் பெண்ணிடம் மிச்சம் இருப்பது அது ஒன்றுதான்.

“அந்தக் கடைசில” என்றாள் வேளாங்கண்ணி. “மேல போயி அப்படியே நின்னுச்சே. அப்புறம் சின்னதாயி, சின்னதாயி, எப்ப நின்னுச்சுன்னே தெரில எனக்கு. நாய்கூட கொலைக்கல பாப்பா.”

மெரினின் முகம் மலர்ந்தது. வந்த நாளிலிருந்து அவள் அப்படிச் சிரிக்கவில்லை. “அந்த எடம் உனக்குத் தெரிஞ்சுச்சா? அதுதாம்மா கஷ்டம். அதுல நிக்கத்தான் ஆறு வருஷம்” என்று சொல்லி அம்மாவின் தோளில் சாய்ந்தாள்.

“கேட்டேன் கண்ணு. எல்லாத்தையும் கேட்டேன்.”

பெரிய வியாழனுக்கு முந்தின வாரம் வேளாங்கண்ணி பாவசங்கீர்த்தனம் செய்யப் போனாள். பொறாமை, பெருமை, நேர்ச்சையில் வைத்த வீம்பு, கணவன் சொல்லைத் தட்டினது, எல்லாவற்றையும் சொல்லி அழுதாள். மொட்டைமாடியில் சொன்ன அந்தப் பொய்யை மட்டும் சொல்லவில்லை. சொன்னால் சாமியார் மன்னித்துவிடுவார்.